கேட்டுக்கு உள்ளே ஒரு கால்

அந்த விதியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பு சரியில்லாமல் பிள்ளை பகல்நேரக் காப்பகத்துக்கு வராத நாளுக்கும் அரசாங்கம் கட்டணத்தில் மானியம் தரும். ஆனால் காப்பகத்தை விட்டு நிற்கும் பிள்ளை, கடைசி நாளில் ஒரு நிமிஷமாவது நேரில் வந்து உள்ளே கால் வைத்தாக வேண்டும். வராவிட்டால், கடைசியாக என்றைக்கு வந்ததோ அன்றோடு மானியம் நின்றது. அதற்குப் பிறகு முழுக் கட்டணம். அப்போது அப்படித்தான் இருந்தது.

என் தங்கை கெரின் மில்டூராவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வினுக்குக் குடிபோகிறாள். புருஷன் டார்சி முன்னாலேயே போய் வேலையில் சேர்ந்துவிட்டான். அவர்களுடைய மூன்று வயது பிப்பாவுக்கு முதல் வாரம் காய்ச்சல், அடுத்த வாரம், ஊசி போட்டிருந்தும், சின்னம்மை. இரண்டு வாரமாகக் காப்பகம் பக்கமே போகவில்லை. அந்த இரண்டு வாரத்துக்கும் முழுக் கட்டணம் கட்டினால் சாமான் வண்டிக்குப் பணம் இல்லை. கட்டில், பீரோ எல்லாம் தெருவோடு போக வேண்டியதுதான்.

கடைசி நாளும் வந்தது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் காப்பகத்துக்குள் விடுவார்கள். காலையிலிருந்து பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த கெரின், சாயங்காலம்தான் என்னைக் கூப்பிட்டாள். அவள் காரை விற்றாகிவிட்டது. காப்பகமோ ஆறு மணிக்கு மூடிவிடும்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. கெரின் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாவகாசமாகப் போன ஒரு டிராக்டர்காரனை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பின்சீட்டில் பிப்பா காதுக்குப் பின்னால் சொறிந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். கொப்புளம் ஒன்று, தண்ணீர் கோத்துப் பளபளவென்றிருந்தது. கெரின் எட்டி, வெயில் தொப்பியின் பின்துணியை இழுத்து அதை மூடினாள்.

"அது இன்னும் காயலடி."

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா. உள்ள கால் வச்சு, கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துடுறேன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

ஓட்டினேன். வேறென்ன செய்ய?

காப்பகத்து கேட்டில் மேலாளர் ரோவீனா வருகைப் பதிவோடு நின்றிருந்தாள். பிப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மார்னி, மேடிட்ட வயிற்றைத் தாங்கியபடி குனிந்து இரண்டு கைகளையும் விரித்தாள். கண்ணே, வந்துட்டியா என்றாள். பிப்பா ஓடினாள். கேட்டைத் தாண்ட ஒரு எட்டு இருக்கும்போது கெரின் பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள்.

"தூக்காதே மார்னி, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. காதுக்குப் பின்னால ஒண்ணு இன்னும் காயல."

ரோவீனா தணிந்த குரலில்தான் சொன்னாள், உள்ளே கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், விட முடியாது என்று. கெரின் தலையாட்டினாள்.

மார்னி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு. வயித்துல இருக்குன்னதும் டாக்டர் ரத்தம்கூட எடுத்துப் பார்த்துட்டாரு. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று பிப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கெரின் என்னைப் பார்த்தாள். இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேனே என்றது அந்த முகம். நான் உள்ளே கைக்குழந்தைகள் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினேன்.

மார்னி வேலியில் சாய்ந்து பிப்பாவிடம் டார்வின் முதலைகளைப் பற்றிக் கதை பேசிக்கொண்டிருந்தாள். குட்டையான வேலி. பிப்பாவின் ஒரு கால் அதைத் தாண்டி உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ரோவீனா அந்தக் காலைப் பார்த்தாள். கையிலிருந்த பதிவில் பிப்பாவின் பெயருக்கு நேரே காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தாள். பிறகு கெரினைப் பார்த்தாள். நானும் அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெரின் போய், பிள்ளையின் காலை மெதுவாகப் பிடித்து, வேலிக்கு இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள்.