தூண் இருந்த இடம்

அம்மா எங்கே போனாலும் பிக்கப்பின் சாவி அவளோடு போகும். பெரியம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போன அன்றும் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனாள். வண்டி கேட்டுக்கு உள்ளே, தெருவைப் பார்த்தபடி, பூட்டி நின்றது.

வண்டி அம்மாவுடையது. அவளுடைய செடி வியாபாரம் அதில்தான் ஓடுகிறது. போன மழைக்காலம் வரை அப்பாவும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் உள்ளே திருப்பும்போது கேட்டின் இடது தூணில் வண்டியின் மூக்கை உரசிவிட்டார். முன்கிரில்லில் இருந்த குரோம் பட்டைகள் சிராய்ந்து, வெள்ளி மினுக்கு தோல் உரிந்த மாதிரி தொங்கியது. அது மட்டும் என்றால் அம்மா மறந்திருப்பாள். ஆனால் அப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். அன்று மாலையே டேப்பை எடுத்து அளந்து, தூண் வழிக்குள் மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நிரூபித்தார். படம் வேறு வரைந்து கொடுத்தார். அம்மா படத்தை வாங்கிக்கொண்டாள். கூடவே சாவியையும்.

அதிலிருந்து அப்பாவுக்குப் பக்கத்து இருக்கைதான், மடியில் ஒரு ரோஜாத் தொட்டியோடு. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தொட்டிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொள்வார்.

"உங்கம்மா வர்றதுக்குள்ள பட்டையெல்லாம் கழட்டி, கறுப்பு அடிச்சு, மாட்டிடணும்," என்றார், அம்மா தெருமுனை திரும்பியதும். "பார்த்த உடனே சாவியைக் கையில குடுத்துடுவா, பாரு."

நான் வேதியியல் படித்தவள். அதனால் வீட்டுக்குக் கிடைத்த லாபம் அதுவரை சட்டைக் கறை எடுப்பதோடு நின்றிருந்தது. பட்டையைத் துடைக்க அப்பா தின்னர் வாங்கி வந்திருந்தார். குரோமுக்கு அடியில் இருப்பது பிளாஸ்டிக், தின்னர் பட்டால் உருகிவிடும் என்றேன். தின்னர் டப்பாவை யாரோ வைத்துவிட்டுப் போனது போல் சுவரோரம் தள்ளி வைத்தார்.

மரக்கரண்டியில் துணி சுற்றி, பட்டைக்குப் பின்னால் செருகி நெம்பினால், கிளிப் டக்கென்று விடும். கீழ் மூன்று பட்டைகள் அப்படி வந்தன. இரண்டு கிளிப் உடைந்தது. அப்பா உடைந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதெல்லாம் உடைவதற்கென்றே செய்தது என்றார். மேல் பட்டை வரவில்லை. அதன் ஸ்க்ரூக்கள் பானெட்டுக்குள் இருந்தன. பானெட் திறக்கும் பிடி டிரைவர் இருக்கைக்குக் கீழே. கதவு பூட்டியிருந்தது. மேல் பட்டையைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, இருந்த இடத்திலேயே அடித்துவிடலாம், தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றையும் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, துணிக்கொடியில் கம்பி போட்டுத் தொங்கவிட்டேன். பிரைமர் காய்ந்ததும் கறுப்பு. முதல் பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும்.

"என்னம்மா, கொசு மருந்து அடிக்கிற மாதிரி அடிக்கிற? நல்லாப் பிடிக்கிற மாதிரி ஒரே அடியா அடி."

ஒரே அடியாக அடித்தால் வழியும் என்றேன். இது காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு, அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்றேன். அப்பாவைச் சும்மா இருக்கச் சொன்னது என் தவறு. கை கழுவ உள்ளே போனேன்.

"கொஞ்சம் இங்க வர்றியாம்மா?"

பேங்க் ஊழியர்களிடம் மட்டும் அவர் பேசுகிற பணிவான குரல். போய்ப் பார்த்தேன். பட்டை கழற்றிய இடைவெளியில் வலது கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. மேல் பட்டையின் ஸ்க்ரூ விரலுக்கு எட்டுமா என்று பார்த்திருக்கிறார். எட்டவில்லை. கைக்கடிகாரத்தின் இரும்புப் பட்டை உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது.

பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்து ஊற்றினேன். கை வழுக்கியது, கடிகாரம் வழுக்கவில்லை. கிரில்லின் ஒரு குறுக்குச் சட்டத்தை அறுத்துவிடட்டுமா என்றேன். அப்பா இடது கையால் கிரில்லைக் கட்டிக்கொண்டார்.

"இதை உடைச்சா இந்த ஜென்மத்துல எனக்கு சாவி கிடையாது. என் கை இங்கயே இருக்கட்டும்."

தெருவில் யாராவது போனால் இடது கையை இடுப்பில் வைத்து, ரேடியேட்டரைச் சோதிப்பது போல் தலையை ஆட்டினார். எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும் ஏமாறவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டு வந்து போட்டு அப்பாவை உட்கார வைத்தார்.

"கடிச்சிடுச்சா சார்?"

"சர்வீஸ் பண்றேன்."

"பண்ணுங்க, பண்ணுங்க. சாப்பாடு நேரம் ஆச்சேன்னு பார்த்தேன். உங்களுக்கில்ல, அதுக்கு."

வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு எந்தக் கை என்று மட்டும் கேட்டாள். வலது என்றேன். புறப்பட்டு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

வந்தவள் முதலில் துணிக்கொடியைப் பார்த்தாள். கறுப்புப் பட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போய், தொடாமல் முகத்தை மட்டும் நீட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கே," என்றாள். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அம்மா பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப சொல்லுங்க. அன்னைக்குத் தூண் எங்க இருந்துச்சு?"

"அதுதான் படத்துலயே போட்டிருக்கேனே. வரைபடப்படி பார்த்தா—"

சாவி பைக்குள் போனது. அம்மா முக்காலியின் மறுபாதியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றது. அப்பா வானத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினேன்.

"தூண் இருந்த இடத்துலதான் இருந்துச்சு," என்றார் கடைசியில், ரேடியேட்டரிடம்.

"அப்புறம்?"

"நான்தான் போய் இடிச்சேன்."

அம்மா எழுந்து கதவைத் திறந்து பிடியை இழுத்தாள். பானெட் எழும்பியது. உள்ளே கையை விட்டுக் கடிகாரத்தின் கொக்கியை விடுவித்தாள். அப்படியே ஸ்க்ரூக்களையும் கழற்றி, மேல் பட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவ்வளவு நேரம் எங்களை ஆட்டி வைத்த பட்டை, வாடிய இலை போல் கையோடு வந்தது.

உடைந்த கிளிப்புகளை அப்பா தானாகவே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடுவதற்குள் போனால் வாங்கிவிடலாம், காலையில் செடி ஏற்ற வேண்டும் என்றார். அம்மா பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"உங்களால பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். எனக்குக் கால் முடியல. நீங்களே ஓட்டுங்க."

சாவியை வாங்கின கை சிவந்து, சோப்பு வாசனையோடு இருந்தது. அம்மா பக்கத்து இருக்கையில் ஏறி, ரோஜாத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டை விரியத் திறந்தேன். பல் போன வாயோடு வண்டி மெல்ல நகர்ந்து, தூணுக்கு நேரே வந்ததும் நின்றது. அப்பா பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கினார், தலையை வெளியே நீட்டினார், மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பயப்படாம போங்க," என்றாள் அம்மா. "அது நகராது."