வீரம்மாவின் பெரட்டும் வராத ஒரு சொல்லும்

இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பனிக்காலத்தின் விலை, 1977இல் ஈப்போ சந்தையில், ஒரு வெள்ளி இருபது காசு. கூடவே ஒரு காட்டி எடை கெம்பொங் மீனும் கிடைத்தது. விற்றவர் வீரம்மா. பீடோர் பக்கம் அவர் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றுவிட்டதால் மீன்கடைக்கு வந்தவர். சந்தையின் ஐஸ் கிடங்கு முதலாளியான சீனத் தவுக்கே, தன் மைத்துனனிடம் மீன் எடுக்காதவர்களுக்கு ஐஸ் தரமாட்டார். வீரம்மாவோ ஹுத்தான் மெலிந்தாங் படகுக்காரர்களிடம் நேராக எடுப்பவர். ஐஸ் இல்லாததால், மதியத்துக்குள் விற்காத மீன் பூனைக்கு. கடைக்கு மேல்மாடியில் மத்தியாஸ் மாஸ்டரின் ஆங்கில டியூஷன். ஒருநாள் அங்கே பிள்ளைகள் வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் வாய்ப்பாடு ராகத்தில் ‘டிரிங்க், டிரேங்க், டிரங்க்’ என்று இழுக்க, கீழே மீன்களின் மேல் பனி பூத்தது. ‘சிங், சேங், சங்’ என்றதும் தட்டே உறைந்தது. ‘வாக், வாக்ட்’ என்றபோது ஈ மட்டும் வந்து உட்கார்ந்தது.

“அதெல்லாம் இங்கிலீசுக்கே பேர் வைக்கிறதுக்கு முந்தின வார்த்தைங்க, அக்கா. ஐரோப்பாவோட வடக்குக் கடக்கரையில பனியில நின்னவங்க பேசினது. ஜெர்மன்காரன்கிட்டயும் பங்கு இருக்கு. உள்ளுக்குள்ளேயே ஒலி மாறும், ‘வாக்ட்’ மாதிரி கடைசியில வால் ஒட்டாது” என்றார் மாஸ்டர், காரணம் கேட்டு வந்த வீரம்மாவிடம். அவர் அத்தனையையும் மனப்பாடம் செய்து காலையில் மீன்மேல் சொன்னார். தவுக்கே வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். மறுநாள் ஐஸ் விலை இறங்கியது.

1981இல் சேர்ந்த பிள்ளைகள் எல்லாச் சொல்லுக்கும் வால் ஒட்டினார்கள். மேலே இருபது பேர் ‘டிரிங்குட்’ என்று கத்தினால் கீழே ஒருத்தி சொல்லும் டிரேங்க் எம்மாத்திரம்? மூன்று நாளில் இரண்டு கூடை மீன் அழுகியது. தவுக்கே மறுபடி சிரிக்கத் தொடங்கினார். வீரம்மா கூடையோடு மாடியேறினார்.

“என்னா மாஸ்டர், பசங்க கத்துற கத்துல என் மீனு நாறுதுலா!”

“நானும் திருத்தித்தான் பார்க்கிறேன்க்கா.”

“நீங்க தள்ளுங்க. நான் பெரட்டு எடுக்கிறேன்.”

தோட்டத்தில் விடியலில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டேதான். பிள்ளைக்கு ஒரு சொல்லைப் பேராக வைத்தார். கூப்பிட்டால் மூன்று வடிவமும் சொல்லித்தான் ஆஜராக வேண்டும், தப்பினால் மறுபடி வரிசையின் கடைசிக்கு. ஒரே வாரத்தில் மாடிப்படியில் வெண்பனி படிந்தது. ‘ஹெல்ப்’ என்ற பேருக்கு மட்டும் குளிரவில்லை. பழைய காலத்தில் அதுவும் உள்ளுக்குள் மாறிய சொல்தான், ஆங்கிலேயர்களே பிறகு வால் ஒட்டிவிட்டார்கள் என்றார் மாஸ்டர்.

“அதுக்கு என்னா அர்த்தம்?”

“உதவி, அக்கா.”

“அதானே பார்த்தேன். தோட்டத்துலயும் அது பேர் குடுத்துட்டு வராத ஆளுலா. இருக்கட்டும், கூப்பிடுவோம்.”

தினமும் அதையும் கூப்பிட்டார். பிள்ளைகள் சேரச் சேரப் பேர்களும் கூடின. தவுக்கே 1986இல் ஐஸ் கிடங்கை மூடிவிட்டு, வீரம்மாவிடம் மீன் வாங்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். 1988 வருடக் கடைசிப் பெரட்டுக் கணக்கு: வந்த சொற்கள் அறுபத்தொன்று, வராதது ஒன்று; அதன் பேர் பட்டியலிலிருந்து அடிக்கப்படவில்லை.