தட்டுல திரும்பிப் போன புகை

புகையை யாராவது மடிச்சு அடுக்கிப் பார்த்திருக்கீங்களா? எண்பத்தொம்பதாம் வருஷம் அலுவிகாரையில ஹவ்வா அடுக்கினா, இடுப்புல கட்டுற சாரம் மடிக்கிற மாதிரி நாலா மடிச்சு. அங்க மர்சூக் ஹாஜியாரோட சுண்ணாம்புச் சூளை இருந்துச்சு. விறகை விட மலிவுன்னு பழைய டயரும் கழிவு எண்ணெயும் போட்டு எரிச்சாங்க. தூசி படிஞ்சு மிளகுக் கொடி வெளுத்துச்சு, கிணத்துத் தண்ணியில ஆடை கட்டுச்சு. ஹவ்வாவோட மக மஸீனாவுக்கு இழுப்பு வந்து, ராவெல்லாம் மூச்சுக்குத் தவிச்சா. நாட்டுல கலவர காலம்; பொழுது பட்டா மனுசருக்கு ஊரடங்கு, புகைக்குக் கிடையாது. புள்ள பொழைக்கணும்னா ஊரை மாத்துங்கன்னாரு டாக்டர். நான் எதுக்கு மாறணும், புகை மாறட்டும்னா ஹவ்வா.

ஹாஜியார் வீடு புகை எட்டாத தூரத்துல, டவுன்ல. ஹவ்வா போய்ச் சொன்னா. அவரு தேத்தண்ணி குடுத்து, பஸ்ஸும் தான் புகை விடுதுன்னாரு. "புகையில என்ட பேரு எழுதியா ஈக்கி, தங்கச்சி?" சூளையைப் பார்க்க வந்த அரசாங்கக் கந்தோர் ஆளும் அத்தாட்சி கேட்டுட்டுப் போனாரு. அன்னையில இருந்து ஹவ்வா கொடியில காயுற உடுப்புல படிஞ்ச புகையை உரிச்செடுத்தா. கிழியாம முழுசா வந்துச்சு. பக்கத்து வீட்டு சரோஜினிதேவி டீச்சர், ஓரம் தச்சா பிரியாதுன்னு சொல்லி, தன் வீட்டுப் புகையையும் மடிக்கத் தொடங்கினாங்க. அதைப் பார்த்து மத்த வீட்டுப் பொம்பளைங்களும் மடிச்சாங்க.

நோன்புப் பெருநாளுக்கு ஹாஜியார் வழக்கம் போல சூளையைச் சுத்தி எல்லா வீட்டுக்கும் தேங்காப்பாலும் முட்டையும் சேர்த்து அவிச்ச வட்டிலப்பம் அனுப்பினாரு. அதைத் தின்னவங்க அடுத்த பெருநாள் வரைக்கும் புகையைப் பத்தி வாய் திறக்க மாட்டாங்க. வந்த தட்டை வெறுமையாத் திருப்பி அனுப்புற பழக்கமும் அங்க இல்ல. ஹவ்வா வட்டிலப்பத்தைக் கோழிக்குப் போட்டா. தட்டு நிறையப் புகையை அடுக்கி, பூப்போட்ட துணியால மூடி, பஸ் ஏறினா. பின்னாலேயே டீச்சரும் மத்தப் பொம்பளைங்களும் ஆளுக்கொரு தட்டோட ஏறினாங்க.

பெருநாள் தட்டை வேணாம்னு சொல்ல ஹாஜியாருக்கு வாய் வரல. துணியை எடுத்தாரு. புகை எந்திரிச்சு ஹோல் முழுக்க நின்னுச்சு. ஜன்னலைத் திறந்து விட்டும் போகல. விருந்துக்கு வந்தவங்க இருமிக்கிட்டே செருப்பைத் தேடினாங்க.

"இது என்ட புகை எண்டு யாரு சொன்ன?"

"உங்கட இல்லாட்டி போகச் சொல்லிப் பாருங்க, ஹாஜியார்," ன்னா ஹவ்வா. "எங்கட ஊட்டுல நாங்க சொல்லி அது கேக்கல்ல."

சூளை நிக்காதுன்னு அவரு வாசல் வரைக்கும் வந்து கத்தினாரு.

மறுநாள் காலையில சூளையை மூட்டினாங்க. புகை வெளிய வந்து, ரோட்டுக்கு இறங்கி, டவுன் பக்கம் நடந்து, ஹாஜியார் வீட்டுக்குள்ள போச்சு. பஸ்ஸுக்கு நின்ன சனம் ஒதுங்கி வழி விட்டுச்சு. மஸீனா வெயில் ஏறுற வரைக்கும் தூங்கினா.