மூன்றாவது மோட்டார்

என் புருஷன் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும், அவர் எட்டு வருஷம் ஓட்டிய மெஷினை எடைக்குப் போட்டுவிட்டார்கள். பழைய இரும்புக் கடையில் அதைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த சர்வோ மோட்டார்கள் மூன்றையும் பெற்ற பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். அவற்றை வைத்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் ஒரு சி.என்.சி. மெஷின், மரப்பலகையில் எழுத்தும் பூவும் செதுக்க. அது ஓடினால் வீட்டோடு தொழில். ஆனால் ஓடும்வரை சோறு வேண்டுமே! வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். பதினான்கு மாதமாகிறது.

மீதி வேலையை அவர் போனில் சொல்லச் சொல்ல நான்தான் செய்கிறேன். சமையலறைக்கும் பின்கதவுக்கும் நடுவே இரும்புச் சட்டம் நிற்கிறது; இடுப்பில் இடிக்காத நாளில்லை. இடம் வலமாக நகர்த்தும் மோட்டார் ஓடுகிறது. முன்னும் பின்னும் நகர்த்துவதும் ஓடுகிறது. மேலே ஏற்றிக் கீழே இறக்க வேண்டிய மூன்றாவதுதான் அசைய மாட்டேன் என்றது.

சனிக்கிழமை மதியத்துக்குள் அவர் அங்கே இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். "மூணும் ஓடுச்சுன்னா பெட்டியைக் கட்டிடறேன்" என்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த மோட்டாரின் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை. துருப்பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பொறுமையா, எனக்கா? சுத்தியலை எடுத்துத் தண்டின் தலையில் இரண்டு போட்டேன். உள்ளே என்னவோ கலகலத்தது.

அப்புறம்தான் பக்கத்திலிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தேன்: பிரேக், 24 வோல்ட். கரண்டு இல்லாதபோது மெஷினின் தலை கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் பிரேக். கரண்டு கொடுத்ததும் டக்கென்று விட்டது. தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. துருவும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனால் சுற்றுக் கணக்கு வைக்கும் கண்ணாடித் தட்டு பின்பக்கம் தூள் தூள். அது இல்லாமல் மெஷினில் இந்த மோட்டார் ஓடாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். தரையில் உட்கார்ந்து அழுதேன். மோட்டாருக்காக இல்லை. எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்.

"என்ன, ஓடுதா?"

"ஓடுதுங்க. மூணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்துவிட்டேன். திட்டட்டும், வந்து திட்டட்டும்.

"எங்க, போனைக் கிட்ட வை. கேட்கிறேன்."

சமையலறைக்கு ஓடி, வெறும் மிக்ஸியைப் போட்டேன். ஒன்றில் வைத்தேன், இரண்டில் வைத்தேன், மூன்றுக்கும் போனேன். யாரை ஏமாற்றுகிறேன்? எட்டு வருஷம் அந்த மோட்டாரோடு குடும்பம் நடத்திய மனுஷன். நிறுத்தினேன்.

"உடைச்சிட்டியா?"

"சுத்தியலால அடிச்சிட்டேங்க. பிரேக் இருக்குன்னு தெரியல."

"நான்தான் சொல்லாம விட்டுட்டேன். அது எப்பவும் ஓடிக்கிட்டே இருந்துச்சா, பிரேக் இருக்கற ஞாபகமே வரல. வேற மோட்டார் தேடிக்கலாம். இப்ப கையெழுத்துப் போட்டுடறேன்."

"சரிங்க" என்றேன். போனை வைக்கப் போனேன்.

"ஏய், வச்சிடாதே. அது நம்ம மிக்ஸிதானே? மூடி இன்னும் அப்படியே கடகடங்குது. காலங்காத்தால அதைப் போட்டா உன்கிட்ட எப்படிக் கத்துவேன்! இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடு."

மறுபடி மூன்றில் வைத்தேன். மிக்ஸி சூடேறிக் கருகல் வாசனை வரும்வரை நான் நிறுத்தவில்லை. அவரும் போனை வைக்கவில்லை.