சிவப்பாகவே இருக்கட்டும்

திரையில் மருத்துவமனையின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு புள்ளி. ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை. அந்த ஒரு சிவப்பை அவள் வாரக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தாள். இன்று அதைக் கும்பிடத் தோன்றியது.

கிளைகளின் கணினிகள் அனைத்துக்கும் இங்கிருந்து பேக்கப் எடுப்பது அவள் வேலை. தொண்டை அறுவைக்கு முன், பேச்சுப் பயிற்சிக்காரரின் மேற்பார்வையில் அண்ணன் தன் குரலை வாக்கியம் வாக்கியமாகப் பதிவு செய்திருந்தான். குரல் போன பிறகு ஒரு கருவி அவன் குரலிலேயே பேசும். நேற்று அறுவை முடிந்தது. இன்று, பதிவுகள் இருந்த பயிற்சி அறையின் கணினி செத்துவிட்டது.

"உன்கிட்ட காப்பி இருக்கும்ல?" என்று அண்ணி போனில் கேட்டதும் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. இடம் போதவில்லை என்று போன வாரம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சொடுக்கில் அவளே அனுப்பிய விதி: ஒலிப்பதிவுகளைச் சேமிக்காதே, பழைய பிரதிகளையும் அழித்துவிடு.

"இருக்கு அண்ணி. லைன்லயே இருங்க."

பயிற்சி அறைக்கு வெள்ளையடித்த நாட்களில் பதிவு வரவேற்பு மேசைக் கணினியில்தான் நடந்தது. அதன் பிரதிகள் அதிலேயே இருக்கும். அந்தக் கிளையின் புள்ளி சிவப்பாக இருக்கக் காரணமே அதுதான். அணைந்தே கிடந்ததால் விதி போய்ச் சேரவில்லை.

மேசைப் போனில் வரவேற்பு அக்காவைப் பிடித்தாள். "அக்கா, அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுடாதீங்க!"

"நல்லா இருக்கே! இன்னும் சிவப்பா இருந்தா மேலிடத்துல சொல்லிடுவேன்னு காலையில நீதானே மெசேஜ் போட்ட? இப்பதான் போட்டேன்."

"ஆஃப் பண்ணுங்கக்கா, உடனே!"

"போடுங்கற, போடாதேங்கற. நான் என்ன பம்பரமா?"

புள்ளி மஞ்சளானது. இங்கிருந்து அழிக்கும் கட்டளைகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கிவிட்டன. விதியை நிறுத்த மேலாளரின் பாஸ்வேர்டு வேண்டும். அவர் காலையிலிருந்தே போனை எடுக்கவில்லை. அவள் மேசைக்கடியில் புகுந்து மையக் கணினியின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். எல்லாப் புள்ளிகளும் சிவந்தன.

"அக்கா... பேக்கப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ள ஏதாச்சும் மிச்சம் இருக்கா பாருங்க."

மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா."

"அதைப் போடுங்க."

இரண்டு போன்களையும் ஒட்டிப் பிடித்தாள். கரகரப்புக்குப் பிறகு அண்ணன் பேசினான். "மைக் ஆன்ல இருக்கா சார்? தொலைஞ்சா தொலையட்டும், கவலைப்படாதீங்க. எல்லாத்துக்கும் என் தங்கச்சிகிட்ட காப்பி இருக்கும்."

அண்ணி அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அவரேதான்! சரி, மத்ததையும் போடச் சொல்லு."