மலைமேல் நிறுத்திய வண்டி

விரலைச் சொடுக்கித்தான் அவன் என்னைக் கூப்பிட்டான். ஓமான் நாட்டுச் சலாலாவில் ஓட்டல் வாசலில், தூறலில் நனைந்துகொண்டு டிக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து இரண்டு சொடுக்கு. "டிரைவர், யல்லா யல்லா!" என்று அரபியில் அவசரப்படுத்தினான். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சொடுக்கை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். விஜயபாஸ்கர்.

இப்போது துபாய்ப் பக்கம் அல் ஐனில் ஏதோ கம்பெனியில் மேனேஜராம். வளைகுடா முழுக்க அடுப்பாக எரிகிற ஆகஸ்டில், சலாலா மலை மட்டும் மழைத் தூறலில் பச்சையாகிக் கிடக்கும். அதைப் பார்க்க எல்லா நாட்டிலிருந்தும் கூட்டம் வரும். இவனும் பெண்டாட்டி பானுப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு பிளைட்டில் வந்து இறங்கியிருந்தான். எங்கள் ஆபீசில் வண்டி புக் செய்ததும், அந்த வண்டிக்கு டிரைவராக நான் அமைந்ததும் யார் செய்த வேலையோ, தெரியாது.

"பேர் என்னப்பா?"

"சோலையப்பன் சார். புதுக்கோட்டைப் பக்கம்."

"ஓ, நல்ல ஊரு" என்று சொல்லிவிட்டு சீட்டில் சாய்ந்தான். அவ்வளவுதான்! பேரைச் சொல்லியும், ஊரைச் சொல்லியும் தெரியவில்லை. என் குடும்பத்தில் மண்ணள்ளிப் போட்ட படுபாவிக்கு என் பேர்கூட ஞாபகத்தில் இல்லை. அதில்தான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கத்தாரில், ராஸ் லஃபானில் ஒரு கேஸ் பிளான்ட்டை ரிப்பேருக்காக நிறுத்தி ஷட்டவுன் வேலை நடந்தது. நான் சாரம் கட்டுகிற ஆள். அவன் எங்கள் சூப்பர்வைசர். பிளான்ட்டுக்குள் லேபருக்குப் போன் கிடையாது. அவசரம் என்றால் வீட்டிலிருந்து அவன் நம்பருக்குத்தான் அடிக்க வேண்டும். எங்கம்மா செத்த அன்றைக்கு அப்படித்தான் அடித்தார்கள். ஒரே மகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவன் என்னிடம் மூச்சு விடவில்லை. ஆள் குறைந்தால் வேலை நிற்குமே! வீட்டுக்கு அவன் சொன்ன பதில்தான் அதைவிடக் கொடுமை. "சோலையப்பனால வர முடியாதாம், நீங்களே எடுத்துருங்கன்னு சொல்லச் சொன்னான்." அந்த நாக்கு எப்படித்தான் அழுகாமல் இருக்கிறதோ. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். வேலை முடிந்த பிறகுதான் இவன் எனக்கு விஷயத்தைச் சொன்னான்; என் தோளில் தட்டி, "மனசத் தேத்திக்கப்பா" என்று சொன்னான், கல்நெஞ்சுக்காரன்.

ஊருக்குப் போய் எவ்வளவோ சத்தியம் செய்தேன். அப்பா நம்பவில்லை. "படிச்ச மனுசன் எதுக்குய்யா பொய் சொல்லப் போறாரு?" என்று என் தங்கை ஜெயமணியிடம்தான் கேட்டார். என்னிடம் பேசவில்லை. அன்றிலிருந்து இன்று வரை ஒரு வார்த்தை கிடையாது. நான் போன் செய்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

முதல் இரண்டு நாளும் வாயை இறுக மூடிக்கொண்டு ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் மிர்பாத்துக்குக் கூட்டிப்போனேன். கடலோரத்துப் பழைய ஊர். வியாபாரிகள் கட்டிய மாடி வீடுகள், செதுக்கு வேலை செய்த மர ஜன்னல்கள், பாதி இடிந்த சுவர்கள். இவன் ரோமிங்குக்குக் காசு கட்டாமல் முதல் நாளிலிருந்தே என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். "அவசரம்னா டிரைவர் நம்பருக்கு அடிங்க" என்று வீட்டுக்கும் சொல்லி வைத்திருந்தான். வளைகுடாவில் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனும் இந்த ஒரு விஷயத்தில் கஞ்சன்தான்.

இடிந்த வீட்டு வாசலில் பெண்டாட்டியை நிறுத்தி அவன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"நான் அன்பரசன், பாஸ்கர் அண்ணனோட தம்பி." அழுகையில் குரல் உடைந்தது. "அப்பா தவறிட்டாருங்க. அண்ணன் போன் போக மாட்டேங்குது. பெட்டியில வெச்சிருக்கோம். அண்ணன்தான் கொள்ளி வைக்கணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றேன்.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் காரியமாக ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். "நெட் வரலையே?" என்றான். "இந்தப் பக்கம் சிக்னல் மஃபி, கிடைக்காது சார். மேல மலைக்குப் போலாமா? புல்வெளி சூப்பரா இருக்கும்" என்றேன். "யல்லா!" என்று சொடுக்கினான். சொடுக்குடா, நல்லா சொடுக்கு.

மலையேற ஏற மூடுபனி கண்ணாடியில் அப்பியது. மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்தான். ஒட்டகங்கள் ரோட்டை மறித்துக்கொண்டு மெதுவாக நடந்தன. இவன் ஜமுக்காளத்தை விரித்து, பார்சல் பிரியாணியைப் பிரித்து, "அப்பாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும் பானு, அடுத்த வருஷம் கூட்டிட்டு வரணும்" என்றான். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. தின்னுடா, நல்லாத் தின்னு. நான் அன்றைக்கு மெஸ்ஸில் இப்படித்தான் ஒன்றும் தெரியாமல் தின்றேன்.

போன் மறுபடியும் அடித்தது. வண்டிக்குப் பின்னால் போய் எடுத்தேன். "சொல்லிட்டீங்களா? வருவாரா?" என்றான் அன்பரசன். பின்னால் பொம்பளைகள் அழுகிற சத்தம். அதற்கு நடுவில் ஒரு கிழவியின் குரல், "பெரியவன் என்னடா சொன்னான்? வர்றானா?" என்று கேட்டது.

'வரமாட்டாராம், எடுத்துருங்க.' அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆறு வருஷமாக நான் மென்றுகொண்டிருந்த வார்த்தை அது. ஆனால் அதைத் துப்பினால் போய் விழுவது அந்தக் கிழவி தலையில்தானே. அவள் எனக்கு என்ன செய்தாள்? என் கணக்கு இவன் ஒருத்தனோடுதான்.

"இருங்க தம்பி, அவரையே பேசச் சொல்றேன்" என்று வைத்தேன். வண்டியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"உங்கப்பா காலையில தவறிட்டாரு. தம்பி அப்பவே போன் பண்ணினாரு. நான்தான் சொல்லல."

கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. "என்னடா சொல்றே? யார்றா நீ?"

"ராஸ் லஃபான். ஷட்டவுன். எங்கம்மா பொட்டியில கெடந்தப்ப, நான் வரமாட்டேன்னு சொன்னதா சொன்னீங்களே, அந்தச் சோலையப்பன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஐயோ, அந்த முகத்தைப் பார்க்கத்தானே நான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேன்!

"சாயங்கால பிளைட்டப் பிடிச்சா மஸ்கட் வழியா சென்னைக்குப் போயிரலாம்" என்றேன். "ஆனா நீங்க மொதல்ல எங்கப்பாகிட்டப் பேசணும். பேசினாத்தான் வண்டி நகரும்."

"அப்ப எனக்கு மேலிடத்துப் பிரஷர் இருந்துச்சுப்பா, உனக்குப் புரியாது..." என்று இழுத்தான். பானுப்பிரியா எழுந்து நின்றாள். "நீங்க அப்படிச் சொன்னீங்களா?" என்று அவனைக் கேட்டாள். அவன் கையிலிருந்த சோற்றைப் பொட்டலத்தில் உதறினான். "பேசுங்க" என்றாள்.

ஜெயமணிக்கு அடித்து, "ஒருத்தர் அப்பாகிட்ட பேசணுமாம், ஸ்பீக்கர்ல போடு" என்று சொல்லி, என் போனையும் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். விஜயபாஸ்கர் இரண்டு கையாலும் வாங்கினான்.

"ஐயா... உங்க மகன் வரமாட்டேன்னு சொல்லலைங்கய்யா. அவனுக்கு விஷயமே தெரியாது. நான்தான் மறைச்சேன். பொய் சொன்னதும் நான்தான். இப்ப எங்கப்பா செத்துப் பொட்டியில கெடக்காரு. உங்க மகன் வண்டிச் சாவிய வெச்சுக்கிட்டு என்ன விட மாட்டேங்குறான்..." புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது.

"சோலை."

போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அங்க பொட்டி காத்துக்கிட்டு இருக்குன்னு அவரு சொல்றாரு. நீ என்னடா அங்க நின்னுக்கிட்டு இருக்கே? வண்டிய எடுடா."

ஆறு வருஷம் கழித்து எங்கப்பன் என்னிடம் பேசியது அதுதான். அதையும் அந்தப் பாவிக்காகத்தான் பேசினார்.

பனிக்குள் ஹாரன் அடித்து ஒட்டகங்களை விரட்டிக்கொண்டு மலையை விட்டு இறக்கினேன். பின்சீட்டில் அவன் என் போனில் தம்பியோடு பேசி அழுதுகொண்டே வந்தான். ஏர்போர்ட்டில் இறங்கி என் கையைப் பிடிக்க வந்தான். கையை இழுத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று நீங்களும் நினைக்க வேண்டாம். அப்பா எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.