அதே வேடத்தில் இன்னொருவர்

அப்பாவின் படத்தைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, வாசல் பக்கம் ஒரு பெண் பேசுவது நாடீனுக்குக் கேட்டது.

“நீங்கதான் போயிட்டீங்கன்னு நெனச்சேன். டிவில உங்க படத்தைக் காட்டினாங்களே.”

“மாத்திப் போட்டுட்டாங்க. போனது அவரு. நான் அவருக்கு அப்புறம் வந்தவன்,” என்றது ஒரு கிழக் குரல்.

யாருடைய குரல் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் பர்பாங்க் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு டிவி நகைச்சுவைத் தொடரில் முதலில் கணவனாக நடித்தவர் அப்பா, வெர்னன் லஸ்க். முதுகெலும்பு முறிந்து அவர் படுத்துவிட்டதும் அவர் இடத்தில் ரஸ்ஸல் டன்பாரைப் போட்டார்கள். அதே பெயர், அதே சோபா, அதே மனைவி. தொடருக்குள் வரும் ஒருவரும் கணவனின் முகம் மாறியதைப் பற்றிக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாடீனிடம்தான் கேட்டார்கள்.

அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியபோது அந்த இடம் அவருக்கு இல்லை. வேறு தொடர்களுக்குப் போனால், “டன்பார் மாதிரியே நடிக்கிறீங்களே” என்று திருப்பி அனுப்பினார்கள். டன்பார் என்ற பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

டன்பார் தொப்பியைக் கையில் பிடித்தபடி அருகில் வந்தார்.

“நான் இருக்கலாமாம்மா? வேணாம்னா கெளம்பிடறேன்.”

“எதுக்கு வந்தீங்க?”

“நான் மொத நாள் ஷூட்டிங் போறதுக்கு முன்னாடி உங்கப்பா ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணினாரு. செட்டுல சமையல்கட்டுக் கதவு இறுக்கமா இருக்கும், தோளால இடிச்சுத் தொறங்கன்னாரு. அவரு மாதிரியே சிரிக்கணும்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாங்க. அதையும் போன்லயே சிரிச்சுக் காட்டினாரு.”

அப்பா சிரித்துக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

“எங்ககிட்ட சொன்னதே இல்ல,” என்றாள்.

“அதுக்கப்புறம் எங்கிட்டயும் பேசினதில்ல.”

பின்வரிசைகளில் நாலைந்து பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத்தாருக்கான முன்வரிசைக்கு நாடீன் மட்டும்தான். பாதிரியார் வந்து டன்பாரின் கையைப் பற்றிக்கொண்டார்.

“நீங்க அவரோட தம்பிங்களா?”

டன்பார் நாடீனைப் பார்த்தார்.

“வேண்டியவரு,” என்றாள் அவள். “இங்கதான் உக்காரப் போறாரு.”

பாட்டு தொடங்கியது. அந்த வரிசையில் பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. கிட்டத்தில் எழுத்து தெரியாததால் டன்பார் அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார். அவ்வளவு தூரத்தில் அவளால் படிக்க முடியவில்லை. தெரிந்த வரிகளை மட்டும் பாடினாள்.